உடைத்தாயிற்று!

'மகள் கல்யாணம்' என்று செல்போன் செயலியின் வேலைப் பட்டியலில் ஒற்றை வரியாக எழுதினால் மலைப்பாக இருக்கும். வேலையைச் சின்னச் சின்னதாக உடையுங்கள் என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். உடைத்தாயிற்று: மண்டபம், சமையல்காரர், நாதஸ்வரம், பத்திரிகை. பத்திரிகையை மேலும் உடைத்தால்: வாசகம், பிழைதிருத்தம், மஞ்சள் தடவுதல், யார் பெயருக்கு மேல் யார் பெயர். கடைசி வரியை மட்டும் எந்தச் செயலியாலும் உடைக்க முடியாது. அது குடும்பத்தை உடைக்கிற வரி.

இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையைத் தள்ளிப்போடாமல் உடனே செய்துவிடுங்கள் என்று 'கெட்டிங் திங்ஸ் டன்' (2001) நூலில் சொன்னார் டேவிட் ஆலன். நாமோ அதைப் பட்டியலில் ஏற்றி, கலர் கொடுத்து, மாலை ஆறுக்கு அலாரமும் வைக்கிறோம். ஐந்து நிமிடம் போய்விடும். ஏற்கெனவே முடித்த வேலையைப் புதிதாக எழுதி, உடனே டிக் அடிக்கும் சுகம் தனி.

முடியாத வேலைக்குத் தெளிவாகத் திட்டம் போட்டாலே மனத்தின் நச்சரிப்பு அடங்கிவிடுகிறது என்று 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் ஆய்வில் காட்டினார்கள். மனம் அடங்குகிறது, சரி. சமையல்காரர் அட்வான்ஸ் கேட்டால்தான் அடங்குவதில்லை.

வுண்டர்லிஸ்ட் என்ற புகழ்பெற்ற பட்டியல் செயலியை மைக்ரோசாஃப்ட் 2015இல் வாங்கி, 2020 மே மாதம் மூடியது. அதை நம்பியிருந்தவர்களுக்குப் புதிய வேலை ஒன்று கிடைத்தது: பட்டியலை வேறு செயலிக்கு மாற்றுவது. அதையும் உடைத்துத்தான் எழுதியிருப்பார்கள்.