ஏற்காட்டில் ஜெர்மன் சரக்கு

கேள்வி: டிசம்பரில் ஏற்காடு போனால் ரிசார்ட்டுக்கு ரிசார்ட் கிறிஸ்துமஸ் மரம் நிற்கிறது. இதெல்லாம் இங்கிலீஷ்காரன் பழக்கிவிட்டதுதானே?

- ஒரு வாசகர், சேலம்

பதில்: கொண்டுவந்து இறக்கியவன் வேண்டுமானால் அவனாக இருக்கலாம், சரக்கு ஜெர்மானியருடையது. 1605-லேயே ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தார் வீட்டுக்குள் மரம் வைத்து, ஆப்பிளும் மிட்டாயும் காகிதப் பூவும் கட்டித் தொங்கவிட்டதாகக் குறிப்பு இருக்கிறது. (அந்த ஊர் இப்போது பிரான்சில். அந்த வம்பு நமக்கெதற்கு!) இங்கிலாந்தில் சாமானியர் வீடு வரை மரம் போனது 1848-க்குப் பிறகுதான். விக்டோரியா ராணி குழந்தை குட்டிகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் அந்த ஆண்டு பத்திரிகையில் வந்தது. வீட்டுக்காரர் ஆல்பர்ட், ஜெர்மனியின் கோபர்க்கிலிருந்து வந்த மாப்பிள்ளை. சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிட வைத்ததோ 1820-களில். ஆக, மலையில் காப்பிதான் சீனியர்.

மரத்தின் ஜாதகம் இன்னும் வேடிக்கை. ஜெர்மானியர் வைப்பது ஃபர் மரம். நாம் கிறிஸ்துமஸ் மரம் என்று தொட்டியில் வளர்க்கும், அடுக்கடுக்காகக் கிளை விரிக்கும் அரௌகேரியாவுக்குப் பூர்வீகம் பசிபிக்கில் உள்ள நார்ஃபோக் தீவு. தோட்டத்தில் நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியா, அதன் கீழே நிற்கும் காப்பிச் செடி எத்தியோப்பியா. சில்வர் ஓக்கைப் பிடித்து ஏறுகிறதே மிளகுக்கொடி, அது ஒன்றுதான் நம்ம ஆள். ஃபெஃபர்நூஸ் என்ற ஜெர்மன் கிறிஸ்துமஸ் பிஸ்கட்டில் மிளகுத்தூள் போடுவதுண்டு. மரத்துக்கான கடனில் பாதியாவது அதில் கழிந்திருக்கும்.