செய்தவர் ஊரில் இல்லை

ஆங்கிலச் செயப்பாட்டு வினையில் செய்தவருக்குப் பெரும்பாலும் விடுமுறைதான். பின்னால் ஆஃப், கோ, இன்டு என்று ஒரு வாலும் ஒட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். ஆட்டம் 'கால்டு ஆஃப்', கூட்டம் 'புட் ஆஃப்'. யார் செய்தது? மூச்.

வேலையைப் பறிப்பதில்தான் இந்த வித்தை உச்சத்துக்குப் போகிறது. 'லெய்ட் ஆஃப்' என்பதே மிருதுதான். அதுவும் உறுத்தினால் 'லெட் கோ'. அதாவது, போக விட்டார்களாம்! பாவம், அந்த ஊழியர் செருப்பை மாட்டிக்கொண்டு எப்போது விடுவார்கள் என்று வாசலிலேயே காத்திருந்தார் போலும்.

பெரிய மனிதர்களுக்கு வால்கூடத் தேவையில்லை. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் நாறியபோது, 1987 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரீகன், கடுமையான தவறுகள் 'செய்யப்பட்டன' என்றார். தவறுகள் தாமாகவே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டன.

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் ஒரு கட்டுரையில், செய்வினை போதும் என்ற இடத்தில் செயப்பாட்டு வினையைத் தொடாதே என்று விதி போட்டார். அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ஒரு செயப்பாட்டு வினை இருக்கிறது!

அடுத்த முறை உங்கள் புகார் 'லுக்டு இன்டு' ஆகிக்கொண்டிருப்பதாகப் பதில் வந்தால், பார்த்துக்கொண்டிருப்பவர் பெயர் என்ன என்று ஒரு வரி கேட்டு எழுதுங்கள்.