துடுப்பாட்டப் பாட்டியல்

பெண்களின் பருவம் ஏழு என்று பாட்டியல் நூலார் வகுத்தார்கள். 5 முதல் 7 வயது வரை பேதை, 11 வரை பெதும்பை, 13 வரை மங்கை, 19 வரை மடந்தை, பிறகு அரிவை, தெரிவை, 40 வரை பேரிளம்பெண். அவர்களுக்கு இந்தக் கணக்கு உலாவுக்காக வேண்டியிருந்தது. தெருவில் வரும் தலைவனைக் கண்டு எந்த வயதுக்காரி எப்படி மெலிவாள் என்று பாட வேண்டுமே. ஸ்காபரோவில் ஒரு பூங்காக் கழகத்தின் பெண்பிள்ளைகளுக்கு ஸ்கோர் புத்தகம் எழுதும் எனக்கு வேறு தேவை. மே மாதம் வருகிறவர்களில் ஓகஸ்டில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று தெரிந்தால்தான் எத்தனை சோடி கால்கவசம் வாங்குவது என்று முடிவுகட்டலாம். ஆகவே இந்நூல்.

நூலென்றால் பாயிரம் வேண்டும். எல்லை: வடக்கே ஸ்டீல்ஸ் வீதி, மேற்கே விக்ரோறியா பார்க், கிழக்கே ரூஜ் ஆற்றுப் பக்கம், தெற்கே ஒன்ராறியோ ஏரி. வழி: 1745 யூலை 26இல் இங்கிலாந்தின் கோஸ்டன் பொதுவெளியில் பிராம்லி ஊர்ப் பெண்களும் ஹாம்பிள்டன் ஊர்ப் பெண்களும் ஆடியதே பதிவிலுள்ள முதல் பெண்கள் ஆட்டம். ஹாம்பிள்டன் 127, பிராம்லி 119. நாடும் நாடும் மோதிய முதல் ஆட்டம் கனடாவும் அமெரிக்காவும் 1844இல் நியூயோர்க்கில் ஆடியது. அது 99 வருடம் இளையது. உலகக் கிண்ணமும் பெண்களுக்கு 1973இல், ஆண்களுக்கு 1975இல். "இப்ப பொம்பிளைப் பிள்ளையளும் தொடங்கிட்டினம்" என்று எல்லைக்கோட்டில் நின்று வியப்பவர்கள், யார் பின்னால் யார் வந்தது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

இந்த நகரத்துக்குத் தனி வழியும் ஒன்று உண்டு. 1827இல் தோன்றிய ரொறன்ரோ கிரிக்கெற் கழகத்தின் பெயரில் இன்று ஸ்கேற்றிங்கும் கேர்லிங்கும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1996 முதல் 1998 வரை இந்தியாவும் பாகிஸ்தானும் சகாரா கிண்ணத்துக்கு ஆடியது அந்தப் புல்லில்தான். அங்கே பயிற்சி எடுத்து உலகப் புகழ் பெற்ற பெண் கொரியாவின் கிம் யூனா. 2010இல் வன்கூவர் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார், ஸ்கேற்றிங்கில். கிரிக்கெற் கழகம் ஒரு பெண்பிள்ளையை உச்சிக்குக் கொண்டுபோகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கையில் துடுப்பு மட்டும் இல்லை.

இனித் திணை. எங்கள் மைதானம் முல்லை. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். அனுமதிச் சீட்டுக்கும், மழை விடுவதற்கும், பெடியங்கள் வலைப்பயிற்சியை முடிப்பதற்கும் எங்கள் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். முல்லைக்குச் சிறுபொழுது மாலை, பயிற்சியும் மாலையில். பெரும்பொழுது கார். இதற்கு 'அப்பாவின் கார்' என்று நான் உரை காண்கிறேன், ஏனெனில் அது வராவிட்டால் ஒன்றும் நடக்காது. கருப்பொருளில் புள் கனடா வாத்து. களத்தடுப்பில் பாய்ந்து விழத் தயங்கும் பிள்ளையைக் கோழை என்று எழுதாதீர்கள். வாத்துக் கூட்டம் புல்லில் விட்டுப்போனதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். உணவு மட்டன் ரோல்ஸ்.

வருகிறவர்களை வயதால் வகுப்பதைவிட வந்த வழியால் வகுப்பது பயன் தரும். தம்பியோடு வந்தவள் முதல் வகை. இரண்டு கோடைகாலம் வாங்கில் குந்தியிருந்து, எல்லை தாண்டிய பந்துகளைப் பொறுக்கிப் பொறுக்கி எறிந்தவள். எங்கள் அணியில் எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் காப்பாளரின் கைக்கு நேராக எறியத் தெரிந்தவர்கள் எல்லாரும் இந்த வகை. யாரும் கற்பிக்காமலே அவர்கள் பயிற்சி பெற்றுவிட்டார்கள். அப்பாவின் மறுபிறப்பாக வந்தவள் அடுத்த வகை. நிலவறைக் கார்பெற்றில் வளர்ந்த முழங்கை, பாடநூல் போல நிற்கும். இந்த ஆட்டம் தனக்குப் பிடிக்குமா என்று அவளை எவரும் கேட்டதில்லை. பேஸ்போலில் இருந்து வந்தவளைப் புதியன புகுதல் என்று கொள்க. துடுப்பைத் தோளில் தூக்குவாள், எந்தப் பந்தையும் இடப்பக்கம் மடக்கி அடிப்பாள், அடித்ததும் துடுப்பை எறிந்துவிட்டு ஓடுவாள். ஒருத்தி பந்து வீச்சாளரைத் தாண்டி ஓடி இரண்டாம் தளத்தைத் தேடியதும் உண்டு. திரையால் வந்தவளும் இருக்கிறாள். 2024இல் தம்புள்ளையில் சாமரி அத்தபத்துவின் இலங்கை இந்தியாவை வீழ்த்தி ஆசியக் கிண்ணம் எடுத்ததையோ, 2025 நவம்பரில் நவி மும்பையில் உலகக் கிண்ண இறுதியில் இந்தியப் பெண்கள் தென்னாபிரிக்காவை 52 ஓட்டங்களால் வென்றதையோ பார்த்துவிட்டு வருபவள். முதல் நாளே தலைவி யார் என்று கேட்பாள்.

பெற்றோரை வகுக்காமல் விட்டால் இந்நூல் குறைநூல் ஆகும். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் நடக்கும் வடக்கின் பெருஞ்சமர் 1904இல் தொடங்கியது. அதில் தாம் ஆடியதாக ஸ்காபரோவில் சொல்லும் அப்பாமாரை எல்லாம் கூட்டினால் இரண்டு கல்லூரிகளுக்கும் நூறு அணி தேறும். இவர்களில் நம்பத்தக்கவர் பன்னிரண்டாம் ஆளாகத் தண்ணீர் கொண்டுபோனேன் என்று ஒப்புக்கொள்பவரே. அவர் மகளுக்கு ஆலோசனை சொல்வதில்லை. தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருகிறார். மற்றவர்கள் ஒவ்வொரு பந்துக்கும் "காலை முன்னுக்கு வை!" என்பார்கள். "அப்பா, நீங்கள் ஒருக்கா சும்மா இருங்கோ" என்று நடுமைதானத்தில் இருந்து பதில் வரும். மகள் குரல் உயர்த்தக் கற்பது இந்த விளையாட்டின் பயன்களில் ஒன்று.

அம்மாமார் கையில் நாட்காட்டி இருக்கும். சனிக்கிழமை காலை தமிழ் வகுப்பு, மத்தியானம் பரதம், இடையில் கணிதம். அரங்கேற்றத்துக்கு நாள் குறித்துவிட்டால் முழங்காலில் பந்து படக்கூடாது. அம்மம்மா வகை வேறு. "வெயில்ல நிண்டு கறுக்கப் போறியே, பிள்ளை?" என்பார். ஆனால் பேத்தி ஆட்டமிழந்தால் நடுவரை முதலில் ஏசுவதும் அவரே. சென்னையின் திருஷ் காமினி 2013 உலகக் கிண்ணத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 100 அடித்து, அந்தக் கிண்ணத்தில் சதம் கண்ட முதல் இந்தியப் பெண் ஆனதை அவருக்குச் சொன்னேன். "அந்தப் பிள்ளை தொப்பி போட்டதோ?" என்று கேட்டார்.

பாட்டியலார் மங்கை என்ற பருவத்தில்தான் எங்கள் விக்கெட்டுகள் சரிகின்றன. 12, 13 வயது. மெலிவுக்குத் தலைவன் காரணமல்ல, வெள்ளைக் காற்சட்டை. மாதத்தில் சில நாட்கள் அதைப் போட்டுக்கொண்டு, பூட்டிக் கிடக்கும் பூங்காக் கழிப்பறைக்கு முன்னால் எந்தப் பிள்ளை நாலு மணித்தியாலம் நிற்கும்? வெள்ளை விதியில் பெயர்போன விம்பிள்டனே 2023இல் பெண்கள் உள்ளே கருநிறக் காற்சட்டை போட விட்டுவிட்டது. நாங்களும் கருநீலத்துக்கு மாறினோம். அந்த வருடம் மங்கையர் இருவர் மடந்தை ஆனார்கள், இலக்கணப்படி. இன்னும் ஒரு சிறு காரணம் உண்டு. ஆண்களின் பந்து 156 முதல் 163 கிராம்; பெண்களுக்குரியது 140 முதல் 151. இரவல் பையில் கிடப்பது எப்போதும் பெரிய பந்து. அதைச் சின்னக் கையால் பிடிக்க முடியாத பிள்ளை, குற்றம் தன் கையில்தான் என்று நினைத்துக்கொள்கிறாள்.

பால் பற்றித் தமிழுக்குச் சிக்கல் இல்லை. ஆங்கிலத்தில் 'பற்ஸ்மன்' என்ற சொல்லை 'பற்றர்' என்று மாற்ற, ஆட்ட விதிகளை எழுதும் எம்.சி.சி.க்கு 2021 வரை பிடித்தது. எங்கள் 'துடுப்பாட்டக்காரர்' யாரையும் வெளியே நிறுத்தியதில்லை. சிக்கல் எண்ணில். வடமொழியில் ஒருமை, இருமை, பன்மை என்று மூன்று. தமிழில் இருமை இல்லை, ஒன்றைத் தாண்டினால் பலவே. பெண்பிள்ளைத் துடுப்பாட்டத்துக்கு இந்த இலக்கணம் பொருந்தாது. கழகங்கள் ஒருமையைக் கொண்டாடும்: பெடியங்களோடு சமமாக ஆடும் ஒரே பெண்பிள்ளை என்று படம் எடுத்துப் போடும். பிறகு நேரே பன்மைக்குத் தாவி, பதினொரு பேர் சேராததால் அணி இல்லை என்று அறிவிக்கும். இடையிலுள்ள எண்ணை எவரும் தேடுவதில்லை. ஆட்டமோ முழுக்க முழுக்க இருமையால் ஆனது. களத்தில் எப்போதும் இரண்டு பேர் துடுப்போடு நிற்பார்கள். ஓட்டம் என்பது அந்த இருவரும் இடம் மாறுவது. ஒருத்தி மட்டும் ஓடினால் அது ரன் அவுட். என் புத்தகங்களைப் புரட்டினால், தனியாகச் சேர்ந்த பிள்ளைகள் யூலையோடு மறைகிறார்கள். ஒரே கிழமையில் இருவராகச் சேர்ந்தவர்கள் ஒருவரோடொருவர் சண்டை பிடித்துக்கொண்டாவது செப்டம்பர் வரை நிற்கிறார்கள்.

போன மே மாதம் ஒரு செவ்வாய் மாலை, ஒரு அம்மா மகளைக் காரிலிருந்து இறக்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கிக் கேட்டார்: "அண்ணை, வேற பொம்பிளைப் பிள்ளையள் வருகினமோ?"

"ஒராள் நிக்கிறா" என்றேன்.

அந்த ஒராள், தம்பியோடு வந்தவள், கொட்டகைச் சுவரில் தனியாகப் பந்தெறிந்து பிடித்துக்கொண்டிருந்தாள். கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பெயர் கேட்கவில்லை. பந்தை எறிந்தாள். மற்றவளின் கையில் பட்டு அது புல்லில் விழுந்தது, வாத்து விட்டுப்போனதன்மேல். அவள் அதைப் பார்த்தாள், காற்சட்டையில் துடைத்தாள், திருப்பி எறிந்தாள்.

கால்கவசம் இரண்டு சோடி, சின்ன அளவு என்று எழுதினேன்.