மரப்பாச்சி வைத்த ஆய்வேடு

கேள்வி: சுற்றுச்சூழல் சட்டத்தில் எல்.எல்.எம். படிக்கும் என் மகன், ஆய்வேட்டுத் தலைப்புக்காக ஆறு மாதமாய் அமேசான் காட்டிலேயே சுற்றுகிறான். வழி சொல்லுங்களேன்?
- ஒரு தந்தை, சித்தூர்

பதில்: அமேசானுக்கு விசா வேண்டும், திருப்பதி பக்கத்துச் சேஷாசல மலைக்கு பஸ் டிக்கெட் போதும்.

முதலில் வீட்டுக் கொலுப்பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பாட்டி காலத்து மரப்பாச்சி கருஞ்சிவப்பாய், அளவுக்கு மீறிய கனத்தோடு இருந்தால் அநேகமாகச் செம்மரம்தான். வாளித் தண்ணீரில் போட்டால் மூழ்கும், பையனின் முதல் அத்தியாயத்தைப் போலவே!

அந்தச் செம்மரத்தையே தலைப்பாக எடுக்கட்டும். கடப்பா, சித்தூர், திருப்பதி, நெல்லூர் பக்கத்து மலைகள்தான் அதன் தாய்வீடு. விரும்பி வாங்குவதோ சீனத்து மரச்சாமான்காரர்களும், ஜப்பானில் சாமிசென் வாத்தியம் செய்பவர்களும். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1995-லிருந்து இருக்கிறது. அந்தப் பட்டியல் வியாபாரத்தை அடியோடு தடுக்காது, அனுமதிச் சீட்டு கேட்கும். சேஷாசலம் 2010-ல் உயிர்க்கோளக் காப்பகமானது. 2016-ல் ஆந்திர வனச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். பிடிபட்ட கட்டைகளை அரசே ஏலம் விடுகிறது. வெட்டினால் ஜெயில், பிடித்தால் ஏலம்: இதிலேயே ஒரு அத்தியாயம் தேறும்.

இன்னொரு அத்தியாயத்தில் கிண்டலுக்கு இடமில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளிகள். தேசிய மனித உரிமை ஆணையம் வரை போன விவகாரம்.

பையன் ஒரு நாள் திருப்பதி கோர்ட்டில் செம்மர வழக்கைக் கேட்டுவிட்டு வரட்டும். தெலுங்கில் நடப்பதைத் தமிழ்க் கூலியாளுக்கு யார் சொல்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளட்டும்.