சினிமாவின் சாகாத சாவு

1975-இல் சென்னைக்குத் தூர்தர்ஷன் வந்தது; சினிமா செத்தது என்றார்கள். தூர்தர்ஷனோ வெள்ளிக்கிழமைதோறும் ‘ஒளியும் ஒலியும்’ போட்டு, சினிமாப் பாட்டை வைத்தே பேர் வாங்கியது. வீடியோ கேசட் வந்தது, மறுபடி செத்தது. 1993-இல் சன் டிவி, மறுபடியும். 2012-இல் ‘விஸ்வரூபம்’ படத்தை டி.டி.எச்.சில் காட்டப்போவதாகக் கமல்ஹாசன் சொன்னதும் தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். 2020-இல் ‘பொன்மகள் வந்தாள்’ நேரே ஓ.டி.டி.க்குப் போனபோதும் அதே கொதிப்பு, மூன்றெழுத்துதான் வேறு.

இத்தனைக்கும் நடுவில் மாறாதவை இரண்டு: இரங்கல் அறிக்கை, இடைவேளை. மாறியவர் ரசிகர்தான். அன்று டிக்கெட் கிடைக்காமல் திரும்பினார். இன்று எந்தப் படம் பார்ப்பது என்று ரிமோட்டோடு முக்கால் மணி நேரம் அலைந்து, கடைசியில் யூடியூபில் பழைய வடிவேலு காமெடியைப் போட்டுவிட்டுத் தூங்குகிறார். ஊடக ஆய்வாளர்கள் இதற்குத் ‘தேர்வுச் சுதந்திரம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.