ஞாயிற்றுக்கிழமை ஓடைக் காவலர் ஆவது எப்படி?

முதலில் ஓர் ஓடை வேண்டும். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் அதற்குப் பஞ்சமில்லை. ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் திருமணிமுத்தாறாகி, சேலம் நகரத்தின் நடுவே புகுந்து, கொண்டலாம்பட்டி, உத்தமசோழபுரம் தாண்டி நாமக்கல் மாவட்டத்துக்குள் போய், பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரியில் விழுகிறது. மேற்கே ஓமலூர், எடப்பாடி வழியாகச் சரபங்கா. கிழக்கே ஆத்தூர் வழியாக வசிஷ்ட நதி. இவற்றில் வந்து சேரும் சின்னப் பள்ளங்கள் ஏராளம். வருவாய்த் துறை ஏட்டில் ஓடைப் புறம்போக்கு என்று இருக்கிற பள்ளம், மனை விற்பவர் கையிலுள்ள லே-அவுட்டில் முப்பதடி ரோடாக இருக்கும். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். கார் நிறுத்த இடம் இருக்கிறதா, பக்கத்தில் டீக்கடை இருக்கிறதா, இந்த இரண்டும் பார்த்து ஓடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். நாற்றம் அதிகமுள்ள இடத்தைத் தவிர்க்கவும். புகைப்படத்தில் நாற்றம் தெரியாதுதான், ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும் தன்னார்வலர் படத்தில் எடுபட மாட்டார்.

அடுத்தது பனியன். பச்சை நிறம். முதுகில் குழுவின் பெயர், நெஞ்சில் பனியனுக்குப் பணம் கொடுத்தவரின் பெயர். பணம் கொடுத்தவர் என்ன தொழில் செய்கிறார், அவர் பட்டறைக் கழிவு எங்கே போகிறது என்றெல்லாம் கேட்பது நாகரிகமில்லை. பனியன் வந்ததும் பிளக்ஸ். அதைக் கரையோரப் புங்க மரத்தில் ஆணியடித்து மாட்டுங்கள். இரண்டு காற்றுக்குப் பிறகு பிளக்ஸ் கிழிந்து ஓடைக்குள் விழும். அடுத்த வாரம் பொறுக்குவதற்குக் குப்பை தானாகவே தயார்.

காலை ஆறு மணிக்குக் கூடுங்கள். ஆறு என்றால் ஏழரை. வேலை முடிந்ததும் ஆளுக்கொரு தட்டுவடை செட் வாங்கித் தருவது சேலத்து மரியாதை. அந்தக் காகிதத் தட்டுகளை எங்கே போடுவது என்பது குழுவின் முதல் கொள்கைப் பிரச்சினையாக எழும், வாட்ஸ்அப்பில் விவாதித்துக்கொள்ளலாம்.

குப்பை அள்ளுவதில் ஒரு நுட்பம் உண்டு. பிளாஸ்டிக்கையும் தெர்மாக்கோலையும் சாமிப்படங்களையும் பழைய மெத்தையையும் சிமெண்டுச் சாக்கில் திணித்து, வாயைக் கட்டி, கரையில் வரிசையாக அடுக்குங்கள். எத்தனை சாக்கு என்று எண்ணி அறிவியுங்கள். பிறகு வீட்டுக்குப் போய்விடுங்கள். மாநகராட்சி வண்டிக்கு யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஏற்காட்டில் ஒரு நல்ல மழை பிடித்தால் தண்ணீர் கரைமேல் ஏறி, அடுக்கிய சாக்குகளை அப்படியே எடுத்துக்கொண்டு போகும். இடைப்பட்ட நாளில் நாய்கள் சாக்கைக் கிழிக்காமல் இருந்தால், குப்பை கட்டுக்கோப்பாகவே காவிரி போய்ச் சேரும். (இதைச் சரியாகச் செய்கிறவர்களும் உண்டு. அவர்கள் சனிக்கிழமையே அந்த வார்டின் தூய்மைப் பணியாளர்களைப் பார்த்து, வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டு, அதற்கேற்றபடி வேலையைத் தொடங்குகிறார்கள். அவர்களுக்குப் பனியன் கிடையாது.)

குப்பை சலித்துவிட்டால் புதர். இங்கேதான் ஒரு குழு தன் முழுத் திறமையையும் காட்ட முடியும். ஒரு ஜேசிபியை நாள் வாடகைக்கு எடுங்கள். கோரை, சம்பு, நாணல், தாழை, கரையில் படர்ந்த கொடி, முள் எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டு, ஓடையின் இரண்டு பக்கமும் தலை சீவி விட்ட மாதிரி சரித்து விடுங்கள். 'முன்', 'பின்' என்று இரண்டு படம். லைக் குவியும். தாழைக்கோழி அந்தக் கோரைக்குள்தான் முட்டையிடும், மடையான் அந்தச் சம்புக்குப் பின்னால் நின்றுதான் மீன் பிடிக்கும், தண்ணீருக்கு மேல் நீண்டிருந்த முள்ளுக் கிளையில்தான் தூக்கணாங்குருவி கூடு தொங்கவிட்டிருந்தது என்பதெல்லாம் 'பின்' படத்தில் தெரியாது. கரையைப் பிடித்து வைத்திருந்த வேர் போனபின் அடுத்த வெள்ளத்தில் மண் சரிந்து ஓடை மேடாகும். மேடானால் தூர் வாரலாம். தூர் வாரினால் மறுபடியும் இரண்டு படம்.

அந்தப் பக்கம் வெள்ளாடு ஓட்டி வரும் பெரியவர் ஒருவர் நிச்சயம் வந்து நிற்பார். "ஏனுங்க தம்பி, அந்தப் பொதர எதுக்குங்க எடுக்கறீங்க? கீரிப்புள்ள குட்டி போட்டு வச்சிருக்குதுங்க" என்பார். அவரை ஓரமாக நிறுத்தி, சுற்றுச்சூழல் என்றால் என்ன என்று விளக்குங்கள். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். அவருக்கு வேறு வேலை இருக்கிறது, ஆனாலும் கேட்டுக்கொள்வார்.

மரம் வெட்டும்போது சீமைக்கருவேலத்தை மட்டும் வெட்டுகிறோம் என்று அறிவித்துவிட்டு, நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டுவது மரபு. இரண்டுக்கும் முள் இருக்கிறது, இரண்டும் அழகாக இல்லை. வித்தியாசம் தெரிந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நாட்டுக் கருவேலத்தில் நீண்ட வெள்ளை முள், மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்த மாலைபோல் இடையிடையே இறுகிய காய். சீமைக்கருவேலத்தில் பூ உருண்டையாக இருக்காது, கதிராகத் தொங்கும். காய் நேராக, மஞ்சளாக, ஆடு விரும்பித் தின்னும்படி இருக்கும். ஆட்டுப் புழுக்கையோடு விதை ஊரெல்லாம் பரவும். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்காமல் அடியில் வெட்டிவிட்டால், ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலு தண்டு கிளம்பும். ஆகவே அடியில் மட்டும் வெட்டுங்கள். வருஷா வருஷம் நிகழ்ச்சி நடத்த வசதி. 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் தமிழ்நாடு முழுக்க இந்த வேட்டை நடந்தது; அதே ஆண்டு ஏப்ரலில் உயர் நீதிமன்றமே இடைக்காலத் தடை விதித்தது. அந்தச் சில மாதங்களில் தவறுதலாக வீழ்ந்த நாட்டு வேல மரங்களுக்காக யார் வழக்குப் போடுவது? மரத்தின் சார்பில் வக்காலத்தில் யார் கையெழுத்துப் போடுவது?

காலியான கரையில் கன்று நட வேண்டும். மே மாதம் சிறப்பு, வெயிலில் முகம் பளிச்சென்று விழும். நீர்மருது, நாவல், அத்தி, புங்கன் என்று ஆற்றங்கரையில் தானாக வளர்கிற மரங்களைத் தவிர்த்து, பூ சிவப்பாக இருக்கிற எதையாவது நடுங்கள். ஆள் குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்தால் மியாவாக்கி என்று சொல்லிப் பத்தடிக்குப் பத்தடியில் நூறு கன்று நெருக்கி நட்டுவிடலாம். ஜப்பானில் அகிரா மியாவாக்கி அந்தந்த இடத்து மரங்களையே தேடித்தேடி எடுத்து நட்டார் என்ற சிறு விவரம் இங்கே தேவையில்லை. யார் தண்ணீர் ஊற்றுவது என்பதும்.

இனி ஒரு எச்சரிக்கை. கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் உங்கள் உறுப்பினர்களை அழைத்துப் போக வேண்டாம். கெட்டுப்போய்விடுவார்கள். 58 ஏக்கர் ஏரி அது. சாக்கடையும் குப்பையும் சேர்ந்து கிடந்ததை 2010-ல் சூழல் செயற்பாட்டாளர் பியூஷ் மானுஷும் சேலம் மக்கள் குழுவினரும் எடுத்துச் செய்தார்கள். அவர்களும் ஜேசிபி விட்டார்கள்தான். ஆனால் வாரிய மண்ணை லாரியில் ஏற்றி எங்கோ கொட்டாமல் ஏரிக்குள்ளேயே குவித்து, சிறுசிறு தீவுகளாக்கி, மண் கரையாமல் பிடிக்க அவற்றின்மேல் செடியும் மரமும் நட்டார்கள். மனிதர் நடந்து போக முடியாத இடம் என்பதால் பறவைகள் வந்து குடியேறின. கரையைப் பலப்படுத்தினார்கள். மலையடிவாரத்திலிருந்து மழைத் தண்ணீர் வந்து நிறைந்தது. ஊர்க்காரரிடம் ரூபாய் ரூபாயாகக் கேட்டு வாங்குவது, ஆளைத் தேடிப் பிடிப்பது, ஒரு வேலையை முடித்த பிறகும் அங்கேயே கிடப்பது என்று அது முழுக்க முழுக்க ஞாயிற்றுக்கிழமையில் அடங்காத காரியம். அந்த வழியில் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது: 2016 ஜூலையில் முள்ளுவாடி ரயில்வே கேட் மேம்பால வேலையைத் தடுத்ததாகப் பியூஷ் மானுஷ் கைதாகி சேலம் மத்திய சிறைக்குப் போனார். அவரோடு எல்லா விஷயத்திலும் ஒத்துப்போகிறவர்கள் சேலத்திலேயே குறைவு. நானும் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆனால் மூக்கனேரியில் தண்ணீர் நிற்கிறது.

தண்ணீர் என்றதும் அதன் நிறம். திருமணிமுத்தாற்றில் எந்த நாளில் என்ன நிறம் என்பது மேலே சாயப்பட்டறைகளில் எந்தச் சாயம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. நுரை வேறு வரும். சேகோ ஆலைக் கழிவு இன்னொரு ரகம். குச்சிக்கிழங்கை அரைத்து மாவெடுத்த பிறகு திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். கழுவின தண்ணீரை மட்டும் சுத்திகரிக்காமல் விட்டால் அது புளித்து, அழுகி, ஓடைத் தண்ணீரிலுள்ள பிராணவாயுவையெல்லாம் தின்றுவிடும். மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். சாயத்தின் உப்போ அழுகாது; அப்படியே நிலத்தில் இறங்கிக் கிணறு கிணறாகப் போகும். தென்னை வைத்தவருக்கு அது தெரிய வர வருஷங்கள் ஆகும். ஞாயிறு காலையில் நீங்கள் போகும்போது இதில் எதுவும் தெரியாமல் தண்ணீர் நல்ல பிள்ளையாக ஓடும். கழிவைத் திறந்துவிடுகிறவர்கள் இருட்டையும் மழையையும் பார்த்துத்தான் திறப்பார்கள். எனவே எந்தக் காரணம் கொண்டும் மழை இரவில் குடையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போகாதீர்கள். எந்தக் குழாயிலிருந்து, எத்தனை மணிக்கு, என்ன நிறத்தில் வந்தது என்று நோட்டில் எழுதி வைக்காதீர்கள். எழுதினால் அது புகாராகிவிடும்.

பாட்டிலில் பிடித்து வைப்பது பரவாயில்லை. படத்துக்கு நல்லது, சட்டத்துக்கு ஆகாது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி ஆலைக்காரருக்கு அங்கேயே நோட்டீஸ் கொடுத்து, மாதிரி எடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் நீதிமன்றத்தில் அது சாட்சி. உங்கள் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில் சாட்சியல்ல. ஆனால் அதிகாரியை அங்கே வரவழைக்க உங்கள் நோட்டும் பாட்டிலும் உதவும் என்பதை மட்டும் உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக, காகிதம். உற்சாகத்தைக் கொல்ல இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. சர்வே எண் தெரிந்தால் அரசின் இணையச் சேவையிலேயே புல வரைபடம் இலவசமாகக் கிடைக்கும். அதில் ஓடை எத்தனை மீட்டர் அகலம் என்று இருக்கும். டேப் எடுத்துப்போய் அளந்தால் பாதிதான் இருக்கும். மீதிப் பாதியின் மேல் காம்பவுண்ட் சுவர், கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்தம், சில இடங்களில் வேறு போக்கிடமில்லாத குடிசைகள். இந்த மூன்றையும் ஒரே மாதிரி பார்க்கிறவர்கள் முதலில் குடிசையைத்தான் இடிக்கச் சொல்வார்கள், அதுதான் சுலபம். ஆற்றுப் படுகையும் ஓடையும் ஏரியும் அரசின் சொத்து, ஆக்கிரமித்தவரை நோட்டீஸ் கொடுத்து வெளியேற்றலாம் என்று 1905-லேயே நில ஆக்கிரமிப்புச் சட்டம் போட்டாகிவிட்டது. வெள்ளைக்காரன் எழுதிய அந்தச் சட்டத்தை அமல்படுத்தத் தாசில்தாருக்கு ஒரு மனு வேண்டும். மனு கொடுக்கும் நாள் திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம். ஞாயிற்றுக்கிழமைக் காவலருக்கு அன்று ஆபீஸ் இருக்கும். மண்டபக்காரருக்கு இருக்காது.

அப்படியும் லீவு போட்டுப் போயே தீருவேன் என்றால், மனுவை இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் ரசீது எண் வாங்குங்கள், புல வரைபட நகலை இணையுங்கள். பாட்டிலையும் கொண்டுபோங்கள். வாசலில் போலீஸ்காரர் நிறுத்துவார். மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு தீக்குளிக்க முயன்றவர்கள் உண்டு என்பதால் பையையும் பாட்டிலையும் சோதிப்பது அங்கே வழக்கம். ஊதா நிறத்தில் தண்ணீரைப் பார்த்ததும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், "என்னங்க இது, எந்த ஊருத் தண்ணி?" என்று கேட்பார். மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். அந்த ஓடையை அரசுத் தரப்பில் சோதித்த முதல் ஆள் அவராகவே இருக்கலாம்.