பத்திரமான பயணி

ரியோ, பொகோடா போகிறவர்களுக்கு ஆளாளுக்குப் புத்தி சொல்வார்கள்: நகையைக் கழற்று, தெருவில் போனை எடுக்காதே. பாவம், எவ்வளவு கெடுபிடி! தேனி மாவட்டத்தில் அந்தத் தொல்லையே இல்லை. கொடைக்கானல் மலையில் நாலு தூறல் கூடினால் போதும், கும்பக்கரையில் குளிக்கத் தடை. ஆளே இல்லாத அருவியில் வழுக்கி விழ யார் இருக்கிறார்கள்? தண்ணீர் மட்டும் பத்திரமாக விழுகிறது.

தடையில்லாத நாளிலும் நம்மவர்கள் உஷார். ஆபத்தான பகுதி என்ற பலகைமேல் ஈரத்துண்டைக் காயப்போட்டுவிடுவார்கள். எழுத்து மறைந்தால் ஆபத்தும் போச்சு. சுருளியில் பையைப் பிடுங்கும் குரங்கோ பரம யோக்கியன். முறுக்கை எடுத்துக்கொண்டு பர்ஸைத் திருப்பி எறிந்துவிடும்.

ஆனாலும் பாதுகாப்பு என்றால் 2023 மே மாதக் கடைசியில் கேரளத்திலிருந்து கம்பத்துக்கு வந்தவருக்குக் கிடைத்ததுதான். போகிற இடமெல்லாம் சொல்லும் ரேடியோ காலர் கழுத்தில். பின்னாலேயே வனத்துறை. ஊருக்கே 144 தடை உத்தரவு. அழைத்துப்போக மூன்று கும்கிகள். ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டு, லாரியேற்றி, களக்காடு முண்டந்துறைக்குச் செலவில்லாமல் அனுப்பிவைத்தார்கள்.

அத்தனை நாளும் அரிக்கொம்பன் யானை ஒரு செல்ஃபிகூட எடுக்கவில்லை. எடுத்ததெல்லாம் அவரைப் பார்த்துப் பயந்து ஓடியவர்கள்தான்.